ஸ்டீயரிங்குக்குள் ஓடும் எண்ணெய் - ஒரு கசிவின் வரலாறு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போனவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாத்தி கட்டிய உப்பளங்களும் வெள்ளை வெள்ளையாய்க் குவிந்த உப்பும் ஜன்னலுக்கு வெளியே ஓடும். பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகில் உப்பு சென்னைக்குப் போன காலமும் உண்டு. அங்கிருந்து தெற்கே இன்னும் அரைமணி நேரம் போய், வலது பக்கம் ஆரோவில்லுக்கு ஏறும் சாலையில் திரும்பினால் குயிலாப்பாளையம். உப்பளம் கண்ணில் இருந்து மறைந்துவிடும், உப்புக்காற்று மட்டும் மறையாது. மேலே ஏற ஏற மண் சிவப்பாகிவிடும்.

இந்த இரண்டும், அதாவது உப்புக்காற்றும் செம்மண் தூசியும், கார் மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். கொஞ்சம் வயதான ஒரு காரை ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் பாருங்கள். எல்லா இடத்திலும் தூசி லேசாகப் படிந்திருக்கும். ஓரிடத்தில் மட்டும் கறுஞ்சிவப்புச் சேறாக அப்பிக்கொண்டிருக்கும். அங்கேதான் எண்ணெய் கசிகிறது! பெரும்பாலும் அது ஒரு ரப்பர் ஹோஸும் இரும்பு பைப்பும் சேரும் கழுத்து. பவர் ஸ்டீயரிங் லைன்.

பார்ப்பதற்கு அற்பமான விஷயம். ஆனால் பவர் ஸ்டீயரிங் என்ற கண்டுபிடிப்பின் மொத்தக் கதையுமே இந்தக் கசிவை எப்படிச் சமாளிப்பது என்ற கதைதான். 1795-ல் லண்டனில் ஆரம்பித்து விராலிமலை வழியாகக் குயிலாப்பாளையம் வரை வருகிறது அது.

முதலில் அடிப்படை. ஒரு மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. பள்ளி அறிவியலில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். பிரான்சின் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். சின்ன பிஸ்டனை லேசாக அழுத்தினால் பெரிய பிஸ்டன் பெரிய பாரத்தைத் தூக்கும். இவ்வளவு நல்ல யோசனையை ஏன் ஒன்றரை நூற்றாண்டாக யாரும் உருப்படியாகப் பயன்படுத்தவில்லை? காரணம் எளிது. அழுத்தினால் பிஸ்டன் ஓரமாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது.

1795-ல் ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் அந்த ஒழுகலை நிறுத்தியவர் என்று சொல்வார்கள். தோலால் ஒரு கிண்ணம் மாதிரி செய்து பிஸ்டனைச் சுற்றி வைத்தார். தண்ணீர் அழுத்த அழுத்த அந்தத் தோலின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கசிய வைக்கும் அழுத்தமே கசிவை அடைக்கவும் செய்கிறது! இன்றைக்கும் ஸ்டீயரிங் ரேக்கின் இரண்டு முனைகளில் இருக்கும் ஆயில் சீல் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. தோலுக்குப் பதில் ரப்பர், அவ்வளவுதான்.

அதன்பிறகு 19-ஆம் நூற்றாண்டு முழுக்கத் தண்ணீர் ஹைட்ராலிக்ஸின் காலம். நியூகாசில் நகரில் ஆம்ஸ்ட்ராங் தண்ணீர் அழுத்தத்தில் ஓடும் கிரேன் செய்தார். லண்டனில் 1883-ல் தொடங்கிய ஒரு நிறுவனம், இப்போது மின்சாரம் விற்பது போல, தெருவுக்கடியில் பைப் போட்டு அழுத்தமேற்றிய தண்ணீரை விற்றது. லிஃப்ட்டுகளும் துறைமுகக் கிரேன்களும் அதில் ஓடின. 1977 வரை அந்தக் கம்பெனி நடந்தது என்பது ஆச்சரியம். ஆனால் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், குளிர் நாட்டில் உறையும், உராய்வைக் குறைக்காது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல்களின் பீரங்கியைத் திருப்ப வில்லியம்ஸ், ஜேனி என்ற இருவர் தண்ணீருக்குப் பதில் எண்ணெயைப் போட்டார்கள். துருவும் உறைவும் ஒழிந்தன. புதுத் தலைவலி ஒன்று வந்தது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, கொழகொழத்துப் போய்விடும்.

இந்த நிலையில்தான் பிரான்சிஸ் டேவிஸ் வருகிறார்.

பியர்ஸ்-ஆரோ என்று அமெரிக்காவில் ஒரு பணக்காரக் கார் கம்பெனி இருந்தது. லாரியும் செய்தார்கள். அந்த லாரிப் பிரிவில் டேவிஸ் பொறியாளர். பாரம் ஏற்றிய லாரியின் ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டைத் தினமும் பார்த்தவர். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங் தானாகச் சுழன்று டிரைவரின் கட்டைவிரலைப் பதம் பார்ப்பதும் சகஜம். டேவிஸ் வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊரில் சின்னதாக ஒரு பட்டறை பிடித்து, ஜார்ஜ் ஜெசப் என்ற கருவித் தொழிலாளியைச் சேர்த்துக்கொண்டு இதிலேயே உட்கார்ந்தார். நல்ல சம்பள வேலையை விட்டு இப்படிப் போகிறவர்களைப் பற்றி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எல்லா ஊருக்கும் தெரியும் :-)

அதுவரை இருந்த ஹைட்ராலிக் ஏற்பாடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணெயை முழு அழுத்தத்தில் தயாராக வைத்திருப்பார்கள். வால்வு மூடியிருக்கும். வேலை வரும்போது வால்வைத் திறப்பார்கள். வீட்டில் மோட்டார் போட்டுவிட்டு, ஹோஸ் நுனியைக் கட்டி மூடி வைத்திருப்பது மாதிரி. ஹோஸ் எப்போதும் விறைத்துக்கொண்டே இருக்கும். எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். ஒரு தொழிற்சாலையில் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். காரில் முடியுமா?

டேவிஸ் இதை அப்படியே தலைகீழாக்கினார். வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். எஞ்சின் ஓடும்வரை பம்பு எண்ணெயைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருக்கும். பம்பிலிருந்து வால்வு, வால்வில் இருந்து தொட்டி, தொட்டியில் இருந்து மறுபடி பம்பு. தடையே இல்லாததால் அழுத்தமும் பெரிதாக இருக்காது. டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு கொஞ்சம் குறுகி வழியை அடைக்கும். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகம் எடுக்கிறதே, அதுபோல அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பிஸ்டனின் ஒரு பக்கத்தைத் தள்ளிச் சக்கரத்தைத் திருப்பிவிடும். கையை விட்டால் வால்வு மறுபடி நடுவுக்கு வந்து எண்ணெய் சும்மா ஓட ஆரம்பிக்கும்.

யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! கசிவை அடைக்கப் பலமான சீல் தேடுவதற்குப் பதிலாக, கசிய வேண்டிய அவசியமே பெரும்பாலான நேரம் இல்லாமல் செய்துவிட்டார். நேரான சாலையில் போகும்போது லைனில் உள்ள அழுத்தம் மிகக் குறைவு. நின்ற இடத்தில் முழுக்க ஒடிக்கும்போதுதான் அது உச்சத்துக்குப் போகும். இன்றைய சாதாரணக் கார்களில் அந்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 சொச்சம் பவுண்டுதான் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1926-ல் தன் கண்டுபிடிப்பைப் பொருத்திய பியர்ஸ்-ஆரோ காரை டெட்ராய்ட்டுக்கே ஓட்டிப்போய்க் கம்பெனிகளிடம் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. 1931-ல் காப்புரிமையும் கிடைத்தது. கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்க வேண்டும்... முடியவில்லை. 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. அந்த வருஷம் அமெரிக்காவில் தயாரான வாகனங்கள் ஏறத்தாழ 53 லட்சம். 1932-ல் சுமார் 13 லட்சம்! புது பாகம் ஒன்றைத் தயாரிக்க அச்சு, இயந்திரம் என்று செய்யும் செலவை எத்தனை காரின் தலையில் பிரித்துப் போடலாம் என்பதுதான் கணக்கு. கார் விற்காதபோது ஒவ்வொரு காரின் தலையிலும் விழும் பங்கு ஏறிவிடும். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திட்டத்தைக் கைவிட்டது. பொருள் நன்றாகத்தான் இருந்தது, விற்பனை எண்ணிக்கைதான் உதைத்தது.

டேவிஸ் 1936-ல் பெண்டிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்தார். அவரைக் காப்பாற்றியது கடைசியில் யுத்தம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக செவ்ரலே செய்த கவச வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் ஏறியது. டன் கணக்கில் எஃகுத் தகடு சுமந்த வண்டியை மனிதக் கை திருப்ப முடியாது. அங்கே விலை யாரும் கேட்கவில்லை. 1945-க்குள் 10,000-க்கும் மேற்பட்ட வண்டிகளில் அது பொருத்தப்பட்டிருந்தது.

அதே காலத்தில் ஓசைப்படாமல் வேறு இரண்டு விஷயங்களும் நடந்தன. பவர் ஸ்டீயரிங் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, எண்ணெயில் ஊறாத செயற்கை ரப்பர். டூபான்ட் 1931-ல் நியோப்ரீனை அறிவித்தது. ஜெர்மானியர்கள் 1930களிலேயே நைட்ரைல் ரப்பரைக் கொண்டு வந்தார்கள். இன்னொன்று, டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற முதியவரின் ஓ-ரிங். 1939-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது, போர் விமானங்கள் அதை உலகம் முழுக்கப் பரப்பின. டேவிஸின் வால்வு மட்டும் இருந்து இவை இரண்டும் வராமல் இருந்தால் சாதாரண மனிதன் வாங்கும் காரில் ஹைட்ராலிக்ஸ் எட்டியே பார்த்திருக்காது. அடிக்கடி எண்ணெய் ஊற்ற யாருக்குப் பொறுமை?

1951-ல் கிறைஸ்லர் தன் இம்பீரியல் காரில் 'ஹைட்ராகைடு' என்ற பெயரில் பவர் ஸ்டீயரிங்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பொதுமக்கள் கடையில் வாங்கக்கூடிய முதல் பவர் ஸ்டீயரிங் கார் அதுதான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கிறைஸ்லர் பயன்படுத்திய டேவிஸின் காப்புரிமைகள் அதற்குள் காலாவதியாகிவிட்டன. அமெரிக்காவில் அப்போது காப்புரிமையின் ஆயுள் 17 வருஷம். 1931-ல் வாங்கியது 1948-ல் முடிந்துபோகும். கால் நூற்றாண்டு உழைத்தவருக்கு முதல் விற்பனையில் ராயல்டி இல்லை! ஆனால் போட்டியாளர் முந்திவிட்டதைப் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ் அலறியடித்துக்கொண்டு மறுபடி டேவிஸிடமே வந்தது. அந்த மட்டில் கதை கொஞ்சம் ஆறுதல்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அமெரிக்கர்கள் ஒரு விரலால் ஸ்டீயரிங் திருப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே என்ன நிலைமை?

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து ஹெரால்டு கார் செய்தது. ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், 25 அடி விட்டத்தில் முழு வட்டம் போட்டுவிடும். தெருமுனையில் ஒரே மூச்சில் திரும்பிவிடும் அந்தக் காருக்குப் பவர் ஸ்டீயரிங் தேவைப்படவில்லை. சின்ன கார், ஒல்லி டயர். ஆனால் அம்பாசடரும் லாரியும் பஸ்ஸும் அப்படி இல்லை. பழைய பஸ்களின் ஸ்டீயரிங் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று யோசித்ததுண்டா? நெம்புகோல் தத்துவம். எஞ்சின் செய்ய வேண்டிய வேலையை டிரைவரின் தோள்பட்டை செய்தது. நெரிசலான பஸ் ஸ்டாண்டில் டிரைவர் சீட்டில் இருந்து பாதி எழுந்து நின்று ஸ்டீயரிங்கை ஒடிப்பதைப் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்தியாவுக்குப் பவர் ஸ்டீயரிங் தாமதமாக வந்ததற்கு லைசென்ஸ் ராஜ்ஜியம், இறக்குமதித் தடை என்று வழக்கமான காரணங்களைச் சொல்லலாம். அவை உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் காரை வாங்கியவரே ஓட்டினார், தன் கைவலிக்குத் தானே காசு கொடுத்தார். இங்கே பணம் போட்டவர் பின் சீட்டில், கைவலி முன் சீட்டில்! முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் டிரைவரின் தோள்பட்டைக்கு ஒரு தலைப்பு கிடையாது. பவர் ஸ்டீயரிங் செலவாகத் தெரிந்ததே தவிர மிச்சமாகத் தெரியவில்லை.

அதை உடைத்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் 1929-ல் கார், உதிரிபாக வியாபாரமாகத் தொடங்கியது ரானே நிறுவனம். 1960களில் ஸ்டீயரிங் இணைப்புப் பாகங்களைத் தயாரிக்கும் கம்பெனியாக மாறியது. 1987-ல் அமெரிக்காவின் டிஆர்டபிள்யூ கூட்டோடு ரானே பவர் ஸ்டீயரிங் என்ற தனி நிறுவனம் உருவானது. ஆலை இருந்த இடம் திருச்சி - மதுரை சாலையில் விராலிமலைப் பக்கம். முருகன் கோயிலுக்கும் மயிலுக்கும் பெயர் போன ஊர். அந்த வறண்ட பூமியில், மைக்ரான் அளவுக்குத் துல்லியமாக வால்வு கடைய வேண்டிய தொழில் வந்து உட்கார்ந்தது. லாரி, பஸ்களுக்கான ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கியர் அங்கே தயாரானது. பிறகு டிஆர்டபிள்யூவை ஜெர்மனியின் இசட்எஃப் 2015-ல் வாங்கிவிட, அந்தக் கம்பெனி இன்று இசட்எஃப் ரானே ஆட்டோமோட்டிவ் இந்தியா என்ற பெயரில் இருக்கிறது. வால்தம் பட்டறையில் டேவிஸும் ஜெசப்பும் கடைந்த வால்வுக்கு விராலிமலையில் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

கார்களில் திருப்பம் 1991-க்குப் பிறகு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தது, 1998-ல் சான்ட்ரோ வெளிவந்தது. மறைமலை நகரில் 1999-ல் ஃபோர்டு ஐகான். 2000-ல் சான்ட்ரோவைப் பவர் ஸ்டீயரிங்கோடு 'ஜிப் டிரைவ்' என்று விற்றார்கள். வாங்குகிறவரே ஓட்டுகிற நடுத்தர வர்க்கம் பெருகியதும் கைவலிக்குச் சட்டென்று விலை வந்துவிட்டது, கவனியுங்கள்! கூடவே வாடகைக் கார்களாக இண்டிகா, சுமோ, குவாலிஸ் எல்லாம் பெருகின. கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதே சமயம் நல்ல சாலையானது. சுற்றுலாக்காரர்களோடு அந்த வண்டிகள் எல்லாம் உப்புக்காற்றுக்குள் ஓட ஆரம்பித்தன.

இங்கேதான் டேவிஸ் எதிர்பார்க்காத எதிரி காத்திருந்தது. ஸ்டீயரிங் லைன் என்பது ஒரே குழாய் இல்லை. பம்பில் இருந்து ரேக்குக்குப் போவது பிரஷர் லைன். நடுவில் எஞ்சின் ஆட்டத்தைத் தாங்க நூல் பின்னிய ரப்பர் ஹோஸ், இரண்டு முனையிலும் இரும்பு பைப். ரப்பரையும் இரும்பையும் ஓர் உலோக வளையம் போட்டு இறுக்கி நசுக்கியிருப்பார்கள். ரேக்கிலிருந்து தொட்டிக்குத் திரும்புவது ரிட்டர்ன் லைன். அழுத்தம் குறைவு, சாதா கிளிப் போட்ட ஹோஸ். எண்ணெய் சூடு ஆற அந்தப் பைப்பை ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சுற்று வளைத்துக் கொண்டுபோவதும் உண்டு. அதாவது கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில்!

உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம். பைப்பின் மேல் படிந்த உப்புத்தூள் மழை இல்லாத நாளிலும் காற்றின் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைடு இரும்பைத் தின்னும். வெளிப்படையாக இருக்கும் பைப் வெயிலில் காய்ந்தாவது போகும். கிளிப்புக்கு அடியிலும் அந்த நசுக்கிய வளையத்துக்கு உள்ளேயும் ஈரம் காயவே காயாது. அதனால்தான் ஹோஸ் பார்க்கப் புதிது மாதிரி இருந்தாலும் கழுத்தில் ஒழுகும். கடலோர ஊர்களில் சில இடங்களில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும். அதில் வண்டியைக் கழுவினால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கசிவைக் கண்டுபிடிக்கும் முறையில் டேவிஸின் வால்வு அப்படியே தெரியும். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் லீக் தெரியாது, காரணம் மேலே சொன்னதுதான், அழுத்தமே இல்லை. பைப்பைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும். அப்போது இன்னொருவர் பார்த்தால் கழுத்தில் முத்து முத்தாக எண்ணெய் அரும்பும். நாலைந்து விநாடிக்கு மேல் ஒடித்தபடியே பிடித்திருக்கக் கூடாது, பம்பு சூடாகிவிடும். அந்த நேரத்தில் 'ங்ங்ஙீ' என்று ஒரு சத்தம் வருமே, அது பம்பின் ரிலீஃப் வால்வு வழியாக அழுத்தம் தப்பிக்கும் சத்தம். காரை நிறுத்தும்போது அந்தச் சத்தத்தோடு பிடித்துக்கொண்டே இருக்கும் பழக்கமுள்ள டிரைவர்களின் வண்டியில் ஹோஸ் சீக்கிரம் போகும்.

ஒரு முக்கியமான விஷயம். லீக்கைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித்துளை வழியாக அத்தனை அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். விவரம் தெரிந்தவர்கள் ஓர் அட்டையை நீட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு ஆபத்து, சூடான சைலன்சர் பைப் மேல் எண்ணெய் தெறித்தால் தீப்பிடிக்கும். ஹோஸ் வெடித்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது தவறு. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்பு இணைப்பு அப்படியேதான் இருக்கும். ஆனால் திடீரென்று 1960களின் லாரி மாதிரி கனத்துவிடும். வளைவில் அது நடந்தால்?

பழுது பார்ப்பதில் இரண்டு கட்சி. கம்பெனி ஹோஸை அப்படியே வாங்கி மாற்றுவது ஒன்று. பழைய மாடலுக்குச் சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாடகைக் கார்க்காரருக்கு ஒரு நாள் வண்டி நின்றாலும் தவணை நிற்காது. அதனால் வந்ததுதான் இரண்டாவது வழி. ஜேசிபி இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் செய்து கொடுக்கும் கடைகள் இப்போது சின்ன நகரங்களிலும் வந்துவிட்டன. காரின் பழைய முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் புது ஹோஸ் போட்டு மெஷினில் கிரிம்பிங் செய்து தருவார்கள். முனைகளில் துரு ஆழமாக இறங்காத வரை இது நல்ல வழிதான். அழுத்தம் எவ்வளவு தாங்கும் என்று ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். துருப்பிடித்த பைப்பின் மேல் கேஸ் வெல்டிங் பொட்டு வைப்பதும், பிரஷர் லைனில் சாதா ஹோஸைச் செருகி கிளிப் போட்டு முறுக்குவதும் வேறு. அது பழுது பார்ப்பதே இல்லை, பழுதைத் தள்ளிப்போடுவது. ரிட்டர்ன் லைனில் அதே கிளிப் தாராளமாகப் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றும்போது முனையிலுள்ள ஓ-ரிங்கையும் செம்பு வாஷரையும் புதிதாகப் போட வேண்டும். கிறிஸ்டென்சனின் சொத்து அது, ரூபாய்க் கணக்கில் அற்பம், அதை மிச்சம் பிடித்து மறுபடி ஒழுக விடுகிறவர்கள் ஏராளம். எண்ணெய், அந்தக் காருக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான். பல கார்களுக்குச் சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், சிலவற்றுக்கு வேறு. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால் தொலைந்தது. அது வேறு சாதி ரசாயனம், உள்ளேயுள்ள சீல் எல்லாம் ஊதிப்போய், நூறு ரூபாய் வேலை ரேக்கையே மாற்றுவதில் முடியும். கடைசியில் முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, எஞ்சினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகப் பலமுறை திருப்பி ஏர் எடுக்க வேண்டும். தொட்டியில் நுரை அடங்கும்வரை. அவசரப்பட்டு எஞ்சினைப் போட்டால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிடும், பம்பு முனகும்.

இந்த அறிவெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்பதுதான் இப்போதைய கேள்வி. 1988-ல் சுசுகி ஜப்பானில் செர்வோ என்ற குட்டிக் காரில் மின்மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கைப் போட்டது. எண்ணெய் இல்லை, பம்பு இல்லை, ஹோஸ் இல்லை. இந்தியாவில் இன்று வரும் புதுச் சிறுகார்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த வகை. ஹைட்ராலிக்கை ஒழித்தது கசிவு என்று நினைத்தால் தவறு. எந்த யோசனை அதைக் கசிவிலிருந்து காப்பாற்றியதோ அதே யோசனைதான் ஒழித்தது! எண்ணெய் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் பம்பும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நேர்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் போனாலும், ஒரு தடவைகூடத் திருப்பாவிட்டாலும், பெட்ரோல் செலவு உண்டு. பெட்ரோல் மலிவாயிருந்த 1926-ல் இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மைலேஜ் கேட்டுக் கார் வாங்கும் நாட்டில், புகை விதிகள் இறுகிய காலத்தில், அந்தச் செலவுக்கு ஒரு தலைப்பு வந்துவிட்டது. மின்மோட்டார் திருப்பும்போது மட்டும் கரண்ட் எடுக்கும்.

பெரிய லாரி, பஸ்களில் ஹைட்ராலிக்தான் இன்னும் அதிகம். அத்தனை பாரத்தைத் திருப்பும் பலத்தை எண்ணெய் சுலபமாகக் கொடுத்துவிடுகிறது. கார்களில் மட்டும் பழைய வண்டி உள்ளவர்களின் சமாச்சாரமாகச் சுருங்கி வருகிறது. மின்சார ஸ்டீயரிங்கில் கோளாறு வந்தால் ஸ்கேனரை மாட்டிப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். ஒழுகினால் செம்மண் அப்பிக்கொண்டு இதோ இங்கே என்று காட்டிக்கொடுக்கும் வசதி அதில் கிடையாது. மரக்காணத்துக் காற்றோ மாறப்போவதில்லை. மின்சார ஸ்டீயரிங்கின் கனெக்டர் பின்களில் பச்சை பூக்க வைக்கிற வேலையை அது இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறது.